மூக்கின் கூரையில் வரும் அரிய புற்றுநோய்: மட்டக்களப்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணன் களுவாஞ்சிகுடியில் ஓடாவி வேலை செய்பவர். 5 வருடத்துக்கு முன் அவருடைய மூக்கின் உள்கூரையில் ஒரு கட்டி வந்தது. அரிய வகை என்றார்கள். ரிப்போர்ட், ஸ்கான், கொழும்பு என்று அலைந்தது நானும் மச்சாளும்தான். அதிலிருந்து ஆரையம்பதி, கல்முனை, வாழைச்சேனை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்தாவது யாராவது போன் எடுத்து, “உங்கட அண்ணனுக்கு வந்ததுதான் எங்கட வாப்பாவுக்கும் என்கிறாங்க, என்ன செய்யிற?” என்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு மணித்தியாலம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்தை முடிவு செய்ய இதைப் பாவிக்க வேண்டாம். வைத்தியரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பாவியுங்கள்.

இது என்ன நோய்? விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள்.

முக எலும்புக்குள் காற்று நிறைந்த சிறு அறைகள் இருக்கின்றன. அவைதான் சைனஸ். இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கின் உச்சியில், மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. இடியப்ப உரலின் அடித்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள்; அதே மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். மணத்தை அறியும் நரம்புகள் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்கு ஏறுகின்றன. தட்டுக்குக் கீழே மூக்கு, மேலே மூளை. இந்த இடத்திலும் இதைச் சுற்றிய சைனஸ்களிலும், பாதி நரம்புக் கலம் போலவும் பாதி ஹோர்மோன் சுரக்கும் கலம் போலவும் குணம் உள்ள கலங்களிலிருந்து சில புற்றுநோய்கள் வரும். நியூரோஎண்டோகிரைன் வகை என்பது இவற்றைத்தான்.

அண்ணனுக்கு வந்தது ஒல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா, அதாவது மண நரம்புப் பகுதியிலிருந்து கிளம்பும் கட்டி. கீழே வெறும் நியூரோபிளாஸ்டோமா என்று எழுதினாலும் இதைத்தான் சொல்கிறேன். பழைய ரிப்போர்ட்களில் எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா என்று இருக்கும்; இரண்டும் ஒன்றுதான், இரண்டு நோய் என்று பயப்பட வேண்டாம். 1924இல் பிரான்சில் பேர்ஜே, லூக் என்ற இரு வைத்தியர்கள் முதலில் விவரித்தது இது. மற்றது நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா. (கார்சினோமா என்றால் உடலின் உள், வெளி மேற்பரப்புகளை மூடும் கலங்களில் கிளம்பும் புற்றுநோய்.) அதில் சிறுகல வகை, பெருங்கல வகை என்று உண்டு. இவற்றோடு ஒட்டி எஸ்.என்.யூ.சி. என்று இன்னொன்றையும் பேசுவார்கள். எந்தக் கலத்திலிருந்து வந்தது என்று அடையாளமே காட்டாத கார்சினோமா அது.

எவ்வளவு அரிது? தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்களில் மூக்கிலும் சைனஸிலும் வருபவை நூற்றுக்கு 3 முதல் 5 வரைதான். அதற்குள்ளும் இவை ஒரு சிறு பங்கு. அண்ணனுக்கு வந்த வகை வருடத்துக்கு 1 கோடிப் பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு வரும் என்பது உலகக் கணக்கு. இலங்கையின் சனத்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் நாடு முழுக்க வருடத்துக்கு 10 பேருக்குள். ஊர் டிஸ்பென்சரியில் இருப்பவர் தன் ஆயுளில் ஒன்றைக்கூடக் காணாமல் போகலாம். பிந்திக் கண்டுபிடித்ததற்கு அவரை ஏசுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும். நான் ஏசினேன், அது வேறு கதை.

எனக்கும் பீனிசம் இருக்கிறது. எப்படி வித்தியாசம் பிடிப்பது?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். பீனிசம், அலர்ஜி, தடிமன் எல்லாம் பொதுவாக இரண்டு மூக்கையும் பிடிக்கும். ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று மாறும். மருந்துக்குக் கொஞ்சமாவது குறையும். இந்தக் கட்டி ஒரே பக்கத்தில் அடைக்கும், அடைத்தது திறக்காது. நாளுக்கு நாள் கூடும்.

அண்ணனுக்கு வலப்பக்கம் அடைத்து 8 மாதம். மூன்று முறை அன்டிபயோட்டிக், இரண்டு வகை ஸ்ப்ரே, வேப்பிலை போட்டு ஆவி பிடித்தல், எல்லாம் நடந்தது. இடையிடையே மூக்கைச் சிந்தும்போது லேஞ்சியில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. “சூடு” என்று இளநீர் குடித்தார். எங்களுக்கு உறைத்தது வேறொன்று. அவர் மரத்தை மணந்து பார்த்துச் சொல்கிற ஆள். சீவுளியில் இருந்து விழுகிற சீவலை மூக்கடியில் பிடித்து, இது முதிரை, இது வேம்பு என்பார். ஒரு நாள் சீவலைக் கையில் வைத்துக்கொண்டு, “முதிரைக்கு மணமே இல்லாமப் போச்சு, என்ன மரத்தை ஏத்தி அனுப்பியிருக்கான்?” என்று லொறிக்காரனைத் திட்டினார். பக்கத்தில் நின்ற பொடியனுக்கு அந்த மணம் தெரிந்தது.

ஒரு பக்க அடைப்பு, அதே பக்கத்தில் திரும்பத் திரும்ப ரத்தம், மணம் குறைவது: இந்த மூன்றில் எது இருந்தாலும், மூன்று நாலு கிழமைக்கு மேல் நீடித்தால், மூக்குக்குள் கெமரா விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண் ஒரு பக்கம் முன்னுக்குத் தள்ளுவது, பொருள் இரண்டாகத் தெரிவது, கண்ணீர் ஓயாமல் வடிவது, கன்னம் மரத்துப் போவது, மேல்வாய்ப் பல் காரணமில்லாமல் ஆடுவது என்றால் கிழமைக் கணக்குப் பார்க்காமல் உடனே போங்கள். கட்டி மூக்கைத் தாண்டிவிட்டது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம்.

மூக்கால் ரத்தம் வந்தாலே பயப்பட வேண்டுமா?

இல்லை. மூக்கு ரத்தத்தில் மிகப் பெரும்பகுதி முன்பக்கத்துச் சிறு நாளங்கள் வெடித்து வருவதுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிள்ளைகளுக்கு இது சாதாரணம். நிமிர்ந்து இருந்து, தலையை முன்னுக்குச் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். தலையைப் பின்னுக்குச் சாய்ப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். அது பிழை, ரத்தம் தொண்டைக்குள் போகும்.

முதலில் எங்கே போவது?

காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. அம்பாறைப் பக்கத்தவர்கள் தங்களுக்குக் கிட்டிய பெரிய வைத்தியசாலையில் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். மெல்லிய குழாய்க் கெமராவை மூக்குக்குள் விட்டுப் பார்ப்பார்கள். 5 நிமிட வேலை, மரத்துப்போகும் ஸ்ப்ரே அடிப்பார்கள், தும்மல் வரும், அவ்வளவுதான். சாதாரண எக்ஸ்ரேயில் இதைப் பிடிக்க முடியாது. எங்களிடம் எக்ஸ்ரே எடுத்து, “சைனஸில் சளி” என்று சொல்லி அனுப்பிய இடம் ஒன்று உண்டு, பெயர் வேண்டாம்.

ஸ்கான் எதற்கு இரண்டு? சி.டி. எடுத்தார்கள், பிறகு எம்.ஆர்.ஐ.யும் வேண்டும் என்கிறார்கள்.

இரண்டும் வேறு வேறு வேலை. சி.டி. எலும்பைக் காட்டும்: நான் சொன்ன ஓட்டைத் தட்டு அரிக்கப்பட்டிருக்கிறதா, கண்குழிச் சுவர் உடைந்திருக்கிறதா என்று. எம்.ஆர்.ஐ. மென்மையானவற்றைக் காட்டும். கட்டி சைனஸின் வாயை அடைத்தால் உள்ளே சளி தேங்கும், சி.டி.யில் சளியும் கட்டியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியலாம், எம்.ஆர்.ஐ.யில் பிரித்துக் காணலாம். மூளையின் உறையை, மூளையை, கண்ணை அது தொட்டிருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும். உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு, கழுத்து ஸ்கான் அல்லது பெட் ஸ்கான் கேட்பார்கள். பெட் ஸ்கான் கொழும்புக்குப் பக்கத்து மகரகமவில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் உண்டு. பொதுமக்களிடம் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த இயந்திரம் அது.

பயொப்ஸி, அதாவது சோதித்துப் பார்க்கக் கட்டியில் ஒரு துண்டு, எடுத்தால் நோய் பரவும் என்கிறார்களே?

பரவாது. “கத்தி பட்டால் கிளம்பிவிடும்” என்ற பயத்தில் 4 மாதம் கடத்திய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த 4 மாதத்தில் கட்டி தானாகவே கண்ணுக்குள் போயிருந்தது. கத்தி படவேயில்லை.

ஆனால் ஒரு ஒழுங்கு உண்டு: ஸ்கான் முதலில், பயொப்ஸி பிறகு. மூக்குக்குள் தெரிவது எல்லாம் சதையாக இருக்காது. இளம் பொடியன்மாருக்கு ரத்த நாளங்களாலேயே ஆன ஒரு வகைக் கட்டி வரும். அதைக் கிள்ளினால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடு. சிலருக்குப் பிறவியிலேயே மூளையின் ஒரு துண்டு கீழே பிதுங்கி வந்திருக்கும். ஆகவே ஓ.பி.டி.யில் வைத்து அவசரத்தில் கிள்ளுவதில்லை.

ரிப்போர்ட்டில் “சிறு வட்ட நீலக் கலக் கட்டி” என்று மட்டும் இருக்கிறது. இது முடிவா?

இல்லை. இது வாசற்படிதான். இந்த நோயில் நான் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன், அது இங்கேதான் வருகிறது: பெயர் உறுதியாகும் முன் சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள்.

நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது இந்த இடத்தில் வரும் பல புற்றுநோய்கள் ஒரே முகமாக இருக்கும். சிறிய, வட்டமான, சாயத்தில் நீலமாகத் தெரியும் கலங்கள். நியூரோபிளாஸ்டோமா, நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா, எஸ்.என்.யூ.சி., லிம்போமா, மெலனோமா, தசையிலிருந்து வரும் சார்கோமா எல்லாம் அந்தக் கூட்டத்தில் நிற்கும். பிரித்து அறிய விசேட சாயங்கள் பூசிப் பார்க்க வேண்டும். இம்யூனோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சினாப்டோபைசின், குரோமோகிரானின், ஐ.என்.எஸ்.எம்.1 ஆகியவை நரம்பு, ஹோர்மோன் குணத்தைக் காட்டுபவை. சைட்டோகெரட்டின் கார்சினோமாவைக் காட்டும். நியூரோபிளாஸ்டோமாவில் பெரும்பாலும் ஏறாது. எஸ்-100 என்பது நியூரோபிளாஸ்டோமாவின் கலக்கூட்டத்தைச் சுற்றி வேலி போட்ட மாதிரி விளிம்பில் மட்டும் நிறம் பிடிக்கும். கேஐ-67 எவ்வளவு வேகமாகக் கலங்கள் பெருகுகின்றன என்பதற்கு. ஒரு சாயத்தை வைத்து முடிவு செய்வதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள்.

அண்ணனுடைய முதல் ரிப்போர்ட்டில் இருந்தது, வகை பிரித்தறிய முடியாத கார்சினோமா. எங்களுக்கு அது போதும் போல இருந்தது. உடனே மருந்தைத் தொடங்கச் சொல்லி மச்சாள் அழுதா. புற்றுநோய் வைத்தியர்தான், “புளொக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள், இன்னொரு இடத்தில் பார்ப்போம்” என்றார். புளொக் என்பது வேறொன்றுமில்லை. பயொப்ஸித் துண்டை மெழுகுக்குள் பதித்து, தீப்பெட்டியிலும் சிறிய பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள். ஓரத்தில் பென்சிலால் இலக்கம். மெழுகுக்கு நடுவே பழுப்பாக ஒரு பொட்டு, உளுந்தளவு. அதுதான் அண்ணனுடைய கட்டி. லாப்பில் எழுத்தில் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கினோம். வெயிலில் உருகிவிடும் என்று மச்சாள் அதைப் பஞ்சில் சுற்றி, சோற்றுப் பெட்டிக்குள் வைத்து, இரவு பஸ்ஸில் மடியிலேயே கொழும்புக்குக் கொண்டு போனா. 10 நாளில் வந்த பதில்: ஒல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா, ஹயாம்ஸ் 2ஆம் தரம் (தரம் என்றால் என்னவென்று கீழே சொல்கிறேன்). சிகிச்சைத் திட்டம் தலைகீழாக மாறியது.

பெயர் மாறினால் என்ன அப்படி மாறிவிடும்?

எதை முதலில் செய்வது என்பதே மாறும். நியூரோபிளாஸ்டோமா என்றால் வழக்கமாக முதலில் ஒபரேஷன், பிறகு கதிர்வீச்சு. சிறுகல நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா என்றால் அது மூக்கில் தெரியும்போதே உடலில் வேறெங்கோ விதை போட்டிருக்கலாம் என்று நினைத்து முதலில் கீமோ கொடுப்பார்கள். அதை மூக்கோடு நிற்கிற கட்டி என்று நினைத்துப் பெரிய ஒபரேஷன் செய்தால், ஆள் தேறுவதற்குள் நோய் வேறிடத்தில் வந்துவிடலாம். மாறாக, நியூரோபிளாஸ்டோமாவை மற்றதென்று நினைத்து மாதக்கணக்கில் கீமோ மட்டும் கொடுத்தால் வெட்டி எடுக்கக்கூடிய காலம் கைதவறும்.

எஸ்.என்.யூ.சி.யில் எம்.டி. ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் புற்றுநோய் மையம் 2019இல் ஒன்றைக் காட்டியது: முதலில் கீமோ கொடுத்துப் பார்த்து, கட்டி நன்றாகச் சுருங்கியவர்களுக்கு வெட்டாமல் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தது ஒபரேஷனை விட நல்ல பலன் தந்தது. சுருங்காதவர்களுக்கு ஒபரேஷன்தான் நல்லது. அதாவது முதல் இரண்டு மூன்று கீமோவும் மருந்து மட்டுமல்ல, ஒரு பரிசோதனையும்கூட.

பிழைப்பதும் பெயரைப் பொறுத்ததுதான். அதே மையம் 2004இல் தன் 72 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நியூரோபிளாஸ்டோமாவில் நூற்றுக்கு 93, எஸ்.என்.யூ.சி.யிலும் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமாவிலும் 60க்குச் சற்று மேல், சிறுகல வகையில் 30க்குள். சிறிய தொகுப்பு, பெரிய மையம். உங்கள் வீட்டு ஆளுக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் ஒரு நோயிலிருந்து மற்றதற்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

கடிஷ் ஏ, பி, சி என்று எழுதியிருக்கிறது. தரமும் வேறாக இருக்கிறது.

கடிஷ் என்பது கட்டி எங்கே வரை போயிருக்கிறது என்பது, 1976இல் வந்த முறை. ஏ என்றால் மூக்குக்குள் மட்டும். பி, சைனஸுக்கும் போயிருக்கிறது. சி, அதையும் தாண்டிக் கண்குழி, மண்டையோட்டின் அடி, மூளைப் பக்கம். கழுத்து நெறிக்கட்டிக்கோ தூர இடத்துக்கோ போனால் டி. ஹயாம்ஸ் தரம் 1 முதல் 4 வரை. கலம் எவ்வளவு முரடு என்பதைச் சொல்வது. முதலாவது இடம், இரண்டாவது குணம். அண்ணனுக்குக் கடிஷ் சி. சி என்றதும் நாங்கள் முடிந்தது கதை என்று நினைத்தோம். சி-யிலும் வெட்டி எடுத்து நன்றாக இருப்பவர்கள் நிறைய.

ஒபரேஷனில் முகத்தை வெட்டுவார்களா?

முன்பு முகத்திலும் மண்டையிலும் வெட்டித் திறந்துதான் எடுப்பார்கள். இப்போது பலருக்கு மூக்குத் துவாரம் வழியாகவே கெமரா வைத்து எடுக்கிறார்கள். வெளியில் ஒரு கீறலும் இருக்காது. கட்டி பெரிதாகப் பக்கவாட்டில் போயிருந்தால், அல்லது மூளைக்குள் கூட ஏறியிருந்தால், மேலாலும் திறக்க வேண்டிவரும். எந்த வழி என்பதை விட, மூக்கு சத்திரசிகிச்சை நிபுணரும் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரே மேசையில் நிற்கிறார்களா என்பது முக்கியம். அதைக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஓட்டைத் தட்டு எலும்பையும் அதன் மேலுள்ள உறையையும் சேர்த்து எடுப்பதால் மூக்குக்கும் மூளைக்கும் நடுவே ஒரு வாசல் திறந்துவிடும். தொடையிலிருந்து எடுத்த சவ்வாலும் மூக்கின் நடுச்சுவரிலிருந்து புரட்டிய தோலாலும் அதை அடைப்பார்கள். அந்த அடைப்பு பிடிக்கும் வரைதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், முக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது. அண்ணனுக்கு மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் காரணம் விளங்கியது.

குனியும்போது மூக்கால் தெளிந்த தண்ணீர் சொட்டினால், அல்லது தொண்டையில் உப்புக் கரித்தால், அது தடிமன் இல்லை. மூளையைச் சுற்றியுள்ள நீர் ஒழுகுவதாக இருக்கலாம். காய்ச்சல், கழுத்து விறைப்பு, கடும் தலையிடி சேர்ந்தால் மூளை உறை அழற்சி. அன்றிரவே வைத்தியசாலை.

அப்புறம் மூக்குக் கழுவுவது. எப்போது தொடங்குவது என்று வார்ட்டில் சொல்வார்கள்; தொடங்கினால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும், இல்லையென்றால் பொருக்குக் கட்டி நாறும். நம் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு. கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக மூக்குக்குள் விடவே கூடாது. கொதிக்கவைத்து ஆறியது மட்டும். மச்சாள் காலையில் ஒரு கேத்தல் கொதிக்கவைத்து மூடி வைப்பா; அதில் தேநீருக்கு யாரும் கை வைக்கக் கூடாது.

கரண்ட் பிடிக்கிறது கட்டாயமா?

கதிர்வீச்சைத்தான் கரண்ட் என்கிறோம். ஓரளவு பெரிய கட்டி எல்லாவற்றுக்கும் வழக்கமாகக் கட்டாயம். கண்ணுக்குத் தெரிந்ததை ஒபரேஷன் எடுக்கும். தெரியாமல் மிஞ்சியதற்கு இது. கிழமைக்கு 5 நாள், ஏறத்தாழ 6 கிழமை. அண்ணனுக்கு 30 முறை, மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒவ்வொரு முறையும் 15 நிமிடம்கூட இல்லை. நோவு இல்லை. முகத்தில் சூடாக ஒரு பிளாஸ்டிக் வலையை அழுத்தி அச்சு எடுப்பார்கள். ஒவ்வொரு நாளும் அதை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். அடைத்த அறைக்குப் பயப்படும் ஆட்களுக்கு அதுதான் கஷ்டம். முன்கூட்டிச் சொன்னால் உதவி செய்வார்கள்.

தொடங்குவதற்கு முன் பல் வைத்தியரிடம் போங்கள். சொத்தைப் பல்லைக் கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. முன்னமே பிடுங்கி, புண் ஆற இரண்டு மூன்று கிழமை விட வேண்டும். இதை எங்களுக்குச் சொன்னது வைத்தியர் இல்லை, பக்கத்துக் கட்டிலில் இருந்த காத்தான்குடி ஐயா ஒருவர்.

பின்னால் வரக்கூடியவை: கண் வரட்சி, சில வருடங்களில் கண்ணில் புரை, களைப்பு. பிட்யூட்டரிச் சுரப்பி பக்கத்தில் இருப்பதால் ஹோர்மோன் குறையலாம். காரணமில்லாத சோர்வு, எடை மாற்றம் என்றால் தைரொயிட், கோர்டிசோல் பரிசோதனை கேளுங்கள்.

கீமோ?

நியூரோஎண்டோகிரைன் கார்சினோமாவில் பெரும்பாலும் சிஸ்பிளாட்டின், எட்டோபொசைட் என்ற இரண்டும் சேர்ந்து, 3 கிழமைக்கு ஒரு சுற்று. சிறுநீரகத்தையும் காதையும் கவனிப்பார்கள். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால் பனடோல் போட்டுப் படுக்கவைத்து விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. வெள்ளணு குறைந்த உடலில் கிருமி ஓர் இரவில் ஆளைக் கொண்டுபோய்விடும். கீமோ நடக்கிறது என்று சொல்லி நேரே வைத்தியசாலையில் காட்டுங்கள். சில கட்டிகள் தாமே ஹோர்மோன் சுரந்து ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். வயதான ஆள் திடீரெனத் தடுமாறிப் பேசினால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னைக்குப் போகலாமா? புரோட்டோன் என்கிறார்கள்.

புரோட்டோன் கதிர்வீச்சு இலங்கையில் இல்லை. சென்னையில் 2019இலிருந்து இருக்கிறது. கட்டிக்கு அப்பால் கதிர் போகாமல் நிற்கும் என்பதால் கண், மூளை அருகிலுள்ள கட்டிக்கு அது நல்லதுதான். ஆனால் வளவை ஈடு வைத்து, விசாவுக்கும் காசுக்கும் 3 மாதம் இழுத்துப் போவதை விட, ஒபரேஷன் முடிந்து 6 கிழமை அளவில் இங்கேயே நல்ல முறையில் சாதாரணக் கதிர்வீச்சைத் தொடங்குவது மேல் என்பது என் எண்ணம். காசு இருக்கிறது, தாமதம் இல்லை என்றால் போங்கள். வசதியில்லாதவர் குற்ற உணர்வுப்பட வேண்டாம்.

செலவு? கொழும்பில் தங்குவது?

அரச வைத்தியசாலையில் ஒபரேஷனும் கதிர்வீச்சும் இலவசம். கையைக் கடிப்பது பஸ், தங்குமிடம், வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கான், உழைப்பில்லாத மாதங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள். கதிர்வீச்சைக் கிட்ட எங்கே எடுக்கலாம் என்று முதலிலேயே போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள். 6 கிழமை மகரகமவில் அறை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. சிங்களம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் பாதிப் பாரம் குறையும். எல்லாத் தாளையும் ஒரே பைலில், திகதி வாரியாக வையுங்கள். ஸ்கான் சீடியையும் சேர்த்து.

மரத்தூளால் வந்ததா? பரம்பரையா?

அண்ணனே கேட்டது. மரத்தூள் மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உண்மை. உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை உறுதியான காரணிகளில் வைத்திருக்கிறது. ஆனால் அது பிரதானமாக அடினோகார்சினோமா என்ற வேறு வகை. நியூரோபிளாஸ்டோமாவுக்கு நிச்சயமான காரணம் என்று எதுவும் நிறுவப்படவில்லை. பரம்பரையாகவும் பொதுவாக வருவதில்லை, தொற்றாது. ஆனாலும் பட்டறையில் இப்போது எல்லாரும் மாஸ்க் போடுகிறார்கள்.

பரியாரியிடம் காட்டுகிறோம், மூக்குக்கு எண்ணெய் விடச் சொல்கிறார்.

வேண்டாம். முக்கியமாக ஒபரேஷனுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன வாசலை நினையுங்கள். பத்தியம், கஞ்சி பற்றிக் கீமோ வைத்தியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அவருக்கு நோயின் பெயரைச் சொல்லலாமா?

நம் வீடுகளில் மறைப்பதுதான் வழக்கம். நாங்களும் ஒரு மாதம் “சதை வளர்ந்திருக்கு” என்றே சொன்னோம். அச்சு எடுக்கப் போன அன்று கதவில் எழுதியிருந்ததை அண்ணன் வாசித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இரவு பஸ்ஸில், “இஞ்சரு, எனக்கு முதலே தெரியும், உங்களுக்குக் கஷ்டமா இருக்குமெண்டுதான் கேக்கல்ல” என்றார். எங்கள் இரு பக்கத்து நடிப்பும் வீண். இவ்வளவு நீளமான சிகிச்சைக்கு அவருடைய ஒத்துழைப்பு வேண்டும். தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

எத்தனை வருடம் கிளினிக் போக வேண்டும்?

ஆயுள் முழுக்க. மற்றப் புற்றுநோய்களில் 5 வருடம் தாண்டினால் பெருமூச்சு விடுவார்கள். நியூரோபிளாஸ்டோமா 10 வருடம் கழித்தும், கழுத்து நெறிக்கட்டியில்கூட, திரும்பி வந்திருக்கிறது. முதல் இரண்டு வருடம் அடிக்கடி கெமராவும் எம்.ஆர்.ஐ.யும், பிறகு இடைவெளி கூடும், நிற்காது. குளிக்கும்போது கழுத்தைத் தடவிப் பாருங்கள். புதிதாக ஒரு கட்டி தென்பட்டால் அடுத்த திகதி வரை காத்திருக்க வேண்டாம்.

மணம் திரும்பி வருமா?

இரண்டு பக்கத்து மண நரம்பையும் எடுத்திருந்தால் வராது. ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க முடிந்த சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். அண்ணனுக்கு இல்லை. காஸ் கசிந்தால் தெரியாது, அதனால் இரவில் சிலிண்டரை மச்சாள்தான் பூட்டுவா. பால் திரிந்ததா, மீன் பழுதா என்று பிள்ளைகளிடம் நீட்டுவார். சாப்பாட்டில் உப்பு, புளி, உறைப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை என்பது போன பிறகுதான் விளங்கியது. இப்போது எருமைத் தயிருக்கு முன்பை விட இரண்டு மடங்கு சீனி போடுகிறார். பலகை வந்தால் சீவலை இன்னும் மூக்கடிக்குக் கொண்டுபோகிறார், பழக்கதோஷம். பிறகு பொடியனிடம் நீட்டி, “என்ன மரம், சொல்லு” என்கிறார்.